தென்னாப்பிரிக்காவில் சின்ன ரிஃப்ராக்டர் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிஃப்ராக்டர் என்றால் முன்னால் லென்ஸ் வைத்த தொலைநோக்கி. டர்பன், ஜொகன்னஸ்பர்க், கேப் டவுன் பக்கம் இருக்கும் நம்மவர்கள் தொலைநோக்கி வாங்குமுன் கேட்கிற கேள்விகளையும் அவற்றுக்கு என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கண்ணாலும் பார்க்க வேண்டும், படமும் எடுக்க வேண்டும், வாங்க முடிந்தது ஒரே கருவிதான் என்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

அண்ணா, அதே காசுக்கு, லென்ஸுக்குப் பதில் பெரிய குழிக் கண்ணாடி வைத்த நியூட்டோனியன் கிடைக்கிறதே. சின்ன ரிஃப்ராக்டர் எதற்கு?

கண்ணால் மட்டும்தான் பார்ப்பீர்கள் என்றால் நியூட்டோனியனே வாங்குங்கள். 150 அல்லது 200 மி.மீ. டாப்சோனியன் (சுழலும் எளிய பெட்டியில் நிற்கும் நியூட்டோனியன்) காட்டுவதை 80 மி.மீ. ரிஃப்ராக்டர் காட்டாது. அதில் பேச்சே இல்லை.

படம் எடுக்கும் ஆசையும் இருக்கிறது என்றால் கணக்கு மாறுகிறது. நாம் இருப்பது தெற்கு வானத்தின் கீழ். இந்த வானத்தின் பெரிய சொத்துகளில் பல அகலமானவை. பெரிய மகெல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலம் சுமார் பத்து டிகிரி விரிந்து கிடக்கிறது. கரினா நெபுலா என்ற வாயு மேகம் இரண்டு டிகிரி, அதாவது நான்கு முழுநிலவை வரிசையாக வைத்த அகலம். ஒமேகா சென்டாரி என்கிற கோளத் திரள் ஒன்றே நிலவைவிடச் சற்றுப் பெரியது. 400 மி.மீ. குவியத் தூரமுள்ள (லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம் வரையிலான தூரம்) குட்டிக் குழாயில் சாதாரண ஏ.பி.எஸ்.-சி அளவு சென்சார் உள்ள கேமராவை மாட்டினால் கிட்டத்தட்ட 3.4 டிகிரிக்கு 2.2 டிகிரி வானம் ஒரே படத்தில் வந்துவிடும். பெரிய தொலைநோக்கிகளில் கரினா நெபுலாவின் ஒரு மூலைதான் கிடைக்கும்.

இந்த நாட்டிலேயே அதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1882இல் பெரிய வால்நட்சத்திரம் ஒன்று வந்தபோது, கேப் டவுன் ராயல் வானாய்வகத்தில் இருந்த டேவிட் கில், உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவரின் உதவியோடு, சிறிய லென்ஸ் கேமரா ஒன்றைத் தொலைநோக்கியின் மேல் கட்டி, வால்நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து படம் எடுத்தார். தட்டில் வால்நட்சத்திரத்தோடு ஏராளமான நட்சத்திரங்களும் விழுந்திருந்தன. அதைப் பார்த்துத்தான் வானத்தைப் புகைப்படத்தால் அளக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. பிறகு டச்சு வானியலாளர் காப்டெய்னுடன் சேர்ந்து நாலரை லட்சம் நட்சத்திரங்களின் பட்டியல் உருவானது. லென்ஸ் சின்னதுதான். அது நட்சத்திரத்தை விடாமல் துல்லியமாகத் தொடர்ந்ததால்தான் படம் கிடைத்தது. இன்றைக்கும் விஷயம் அதுவேதான், கீழே குழாயைத் தாங்கித் திருப்பும் மவுண்ட் பற்றிச் சொல்லும்போது திரும்ப வருகிறேன்.

எத்தனை மி.மீ. வாங்குவது?

இரண்டுக்கும் ஒரே குழாய் என்றால் லென்ஸின் விட்டம் 70 முதல் 80 மி.மீ. வரை. 60 மி.மீ. படத்துக்கு நன்றாகவே போதும். ஆனால் கண்ணை வைத்துப் பார்க்கும்போது வித்தியாசம் தெரியும்: 80 மி.மீ. லென்ஸ் 60ஐவிட ஏறத்தாழ 1.8 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. 100 மி.மீ.க்குப் போனால் காட்சி இன்னும் அழகு, ஆனால் குழாய் நீண்டு, கனத்து, அதைத் தாங்கும் மவுண்டின் விலை திடீரென்று ஏறிவிடும். முதல் கருவியாக அதை நான் சொல்வதில்லை.

சந்தையில் நிறையப் பேர் பார்க்கும் மாடல்கள்: ஸ்கை-வாட்சர் எவோஸ்டார் 72 ஈ.டி. (420 மி.மீ. குவியத் தூரம்), அதே வரிசையில் 80 ஈ.டி. (600 மி.மீ.), வில்லியம் ஆப்டிக்ஸ் ஜெனித்ஸ்டார் 61 (360 மி.மீ.). ரெட்கேட் 51 அருமையான கருவி, ஆனால் அது படத்துக்கென்றே செய்தது. ஐபீஸ் (கண்ணை வைக்கும் சிறு லென்ஸ்) போட்டுப் பார்ப்பதும் முக்கியம் என்றால் அது வேண்டாம்.

அக்ரோமேட், ஈ.டி., அப்போ (அப்போக்ரோமேட்) என்கிறார்களே, பணம் வித்தியாசம் மட்டும்தானா?

இல்லை, கண்ணுக்கே தெரியும் வித்தியாசம். லென்ஸ் எல்லா நிறங்களையும் ஒரே புள்ளியில் குவிப்பதில்லை. அக்ரோமேட் லென்ஸ் சிவப்பையும் நீலத்தையும் ஓரளவு ஒன்றுசேர்க்கும். ஊதா வெளியே நின்றுவிடும். குவியத் தூரம் குறைந்த அக்ரோமேட்டைச் சிரியஸ் பக்கம் திருப்பினால் நட்சத்திரத்தைச் சுற்றி ஊதாப் புகை மாதிரி ஒரு வளையம் நிற்பதைப் பார்க்கலாம். கண் அதைப் பொறுத்துக்கொள்ளும். கேமரா பொறுக்காது. பிரகாசமான ஒவ்வொரு நட்சத்திரமும் ஊதி, ஊதா பூசிக்கொண்டு வரும்.

ஈ.டி. என்கிற, நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் கண்ணாடி இதைப் பெருமளவு அடக்குகிறது. விளம்பரங்களில் எஃப்.பி.எல்.-51, எஃப்.பி.எல்.-53 என்று பார்ப்பீர்கள். இரண்டும் ஜப்பானின் ஓஹாரா நிறுவனத்தின் கண்ணாடி வகைகள். 53 உயர்ந்தது. ஆனால் கண்ணாடியின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதோடு சேரும் இன்னொரு வில்லை எது, எவ்வளவு நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். மூன்று வில்லை அப்போ நிறத்தில் இன்னும் சுத்தம். கனம் அதிகம், வெளிக்காற்றின் குளிருக்கு வரவும் நேரம் பிடிக்கும். எஃப்/6 முதல் எஃப்/7.5 வரையிலான (குவியத் தூரத்தை லென்ஸின் விட்டத்தால் வகுத்த எண்) நல்ல இரட்டை வில்லை ஈ.டி.யே பெரும்பாலானவர்களுக்குச் சரி. மீதிப் பணத்தை மவுண்டில் போடுங்கள்.

மவுண்டுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

மொத்த பட்ஜெட்டில் பாதி. இதைச் சொன்னால் பலருக்கும் முகம் வாடிவிடுகிறது. குழாயில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைத்து வந்தவர்களிடம், பாதிப் பணத்தை இரும்புக்கும் மோட்டாருக்கும் போடச் சொல்கிறேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

காரணம் எளிது. பூமி சுற்றுவதால் நட்சத்திரம் ஒரு நிமிடத்துக்கு 15 ஆர்க் நிமிடம் (ஒரு டிகிரியில் 60 ஆர்க் நிமிடம், ஒரு ஆர்க் நிமிடத்தில் 60 ஆர்க் செகண்ட்) நகர்கிறது, அதாவது இரண்டு நிமிடத்தில் ஒரு நிலவின் அகலம். 3.76 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவை 400 மி.மீ. குழாயில் மாட்டினால் ஒரு பிக்சல் பிடிப்பது ஏறக்குறைய 2 ஆர்க் செகண்ட். உங்கள் கேமராவுக்கும் நீங்களே போட்டுப் பார்க்கலாம்: பிக்சல் அளவை 206இல் பெருக்கி, குவியத் தூரத்தால் வகுங்கள். இரண்டு மூன்று நிமிட எக்ஸ்போஷர் முழுக்க அந்த இரண்டு ஆர்க் செகண்டுக்குள் நட்சத்திரத்தை நிறுத்தி வைப்பதுதான் மவுண்டின் வேலை. ஐந்தாயிரம் ராண்ட் குழாயும் ஐம்பதாயிரம் ராண்ட் குழாயும் ஆடும் மவுண்டின் மேல் தருவது ஒரே கோடுதான்.

இன்னொன்று: மவுண்ட் தாங்கும் எடை என்று போட்டிருப்பதைக் கண்ணால் பார்க்கும் வேலைக்கான அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். படத்துக்கு அதில் பாதி அல்லது அறுபது சதவீதம். ஸ்கை-வாட்சர் ஸ்டார் அட்வென்ச்சரர் ஜி.டி.ஐ. 5 கிலோ தாங்கும் என்கிறார்கள். 60 மி.மீ. குழாய், கேமரா, நட்சத்திரத்தைக் கவனித்து மவுண்டைத் திருத்தும் கைடர் வரை சந்தோஷமாகத் தூக்கும். 80 மி.மீ. என்றால் ஹெச்.இ.க்யூ.5 மாதிரியான கனமான மவுண்ட் வகைக்குப் போய்விடுங்கள். சாதாரண கேமரா ட்ரைபாடில் வைத்து நிலவையும் கோள்களையும் பார்க்கலாம், நெபுலா, கொத்து மாதிரியான ஆழ்வானப் படம் எடுக்க முடியாது.

இங்கே துருவ நட்சத்திரமே இல்லையே. மவுண்டை எப்படிச் சரிசெய்வது?

வடக்கில் இருப்பவர்களின் வழிகாட்டி வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் எல்லாம் மாட்டிக்கொள்ளும் இடம் இது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

நட்சத்திரத்தைத் தொடர மவுண்டின் அச்சு தென்துருவப் புள்ளியை நோக்க வேண்டும். முதலில் உயரம். மவுண்டின் அச்சு தரையிலிருந்து உங்கள் ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். டர்பனுக்கு 30 டிகிரி, ஜொகன்னஸ்பர்க்குக்கு 26, கேப் டவுனுக்கு 34. பக்கவாட்டில் இருக்கும் அளவுகோலில் இதை வைத்துவிடலாம், ட்ரைபாடின் மட்டம் மட்டும் சரியாக இருக்கட்டும்.

அடுத்து திசை. போனில் உள்ள காம்பஸை அப்படியே நம்பாதீர்கள். உலகத்திலேயே காந்த விலகல் அதிகமுள்ள பகுதிகளில் நம் நாடும் ஒன்று. டர்பனிலும் கேப் டவுனிலும் காம்பஸ் முள் உண்மையான வடக்கிலிருந்து சுமார் 25 டிகிரி மேற்கே காட்டும். தெற்கு நோக்கி நின்றால், முள்ளின் தெற்கு முனை உங்களுக்கு இடப்பக்கம் 25 டிகிரி தள்ளி நிற்கும். உண்மையான தெற்கு அதற்கு வலப்பக்கம். போன் செயலியில் 'உண்மையான வடக்கு' என்ற அமைப்பை இயக்கிவிட்டால் அதுவே கழித்துக்கொள்ளும். எஃகு ட்ரைபாட் பக்கத்தில் போனைக் கொண்டுபோகாதீர்கள், இரண்டடி தள்ளி நின்று பாருங்கள்.

வானத்தை வைத்தும் சரிபார்க்கலாம். தென்சிலுவையின் நீண்ட தண்டை அதன் கால் பக்கமாக நாலரை மடங்கு நீட்டினால் தென்துருவப் புள்ளிக்கு அருகில் வருவீர்கள். அங்கே இருப்பது சிக்மா ஆக்டான்டிஸ் என்ற நட்சத்திரம், ஒளியளவு 5.4, மிகவும் மங்கல். டர்பன் நகருக்குள் வெறும் கண்ணுக்கு வாய்ப்பே இல்லை. மவுண்டின் அச்சுக்குள் இருக்கும் குட்டித் துருவத் தொலைநோக்கி வழியாக ஆக்டன்ஸ் விண்மீன் குழுவின் நான்கு மங்கலான நட்சத்திரங்கள் சேர்ந்த சரிவகத்தைத் தேடிப் பொருத்துவது பழைய முறை. கழுத்து வலிக்கும், ஆனால் இருட்டான இடத்தில் வேலை செய்யும்.

இப்போது பெரும்பாலானோர் செய்வது வேறு. கேமரா ஒரு படம் எடுக்க, மென்பொருள் அதிலுள்ள நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, மவுண்டைக் கொஞ்சம் திருப்பி, இன்னும் இரண்டு படம் எடுத்து, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும். நினா என்ற இலவச மென்பொருளில் இந்த மூன்று புள்ளி முறை இருக்கிறது, மவுண்டையும் கேமராவையும் இயக்கும் குட்டிக் கணினியான ஏ.எஸ்.ஐ. ஏர் பெட்டியிலும் இதே மாதிரி வசதி இருக்கிறது. துருவம் மரத்துக்குப் பின்னால் இருந்தாலும் நினாவின் முறை வேலை செய்யும். பெருநகர வீட்டு முற்றத்துக்கு இது பெரிய வரம்.

கடைசியாக, மவுண்டில் தெற்கு அரைக்கோளம் என்ற அமைப்பை மறக்காமல் போடுங்கள். வடக்கில் விட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும்.

டர்பன் சாட்ஸ்வர்த் வீட்டு முற்றத்திலிருந்து ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். நிலவு, கோள்கள், இரட்டை நட்சத்திரங்கள், பிரகாசமான கொத்துகள் எல்லாவற்றுக்கும் நகர வெளிச்சம் பெரிய தடையே இல்லை. கரினா மாதிரி சிவப்பு நெபுலாக்களுக்கு ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடும் இரட்டை நாரோபேண்ட் ஃபில்டர் போட்டால் நகருக்குள்ளேயே நல்ல படம் வரும். மகெல்லன் மேகங்களின் மெல்லிய நட்சத்திரப் படலத்துக்கு மட்டும் ஊரைவிட்டுப் போகத்தான் வேண்டும். டர்பன்காரர்களுக்கு ட்ராகன்ஸ்பர்க் அடிவாரம், அண்டர்பர்க் பக்கம் இரண்டு மூன்று மணி நேர ஓட்டம். நேரம் இருந்தால் உள்நாட்டு வறண்ட சமவெளியான கரூ. 2007ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று வடகேப் மாகாணத்தின் வானத்தை வானியலுக்காகப் பாதுகாக்கிறது, சதர்லாந்து வானாய்வகமும் அங்கேதான்.

பருவத்தைப் பொறுத்தவரை டர்பனுக்கும் ஜொகன்னஸ்பர்க்குக்கும் கொடுப்பினை இருக்கிறது. மே முதல் ஆகஸ்ட் வரை வறண்ட, தெளிந்த, நீண்ட இரவுகள், அதே சமயத்தில் விருச்சிகமும் தனுசும் சேர்ந்த பால்வழியின் மையம் தலைக்கு மேல். கோடையில் ஜொகன்னஸ்பர்க்கில் மாலை இடிமழையைப் பொறுத்துத் திட்டமிட வேண்டும். கேப் டவுனில் நிலைமை தலைகீழ்: மழை குளிர்காலத்தில், கோடையில் வானம் தெளிவு, ஆனால் தென்கிழக்குக் காற்று அடித்துத் தள்ளும். குட்டைக் குழாய் அங்கே இன்னும் உதவும்.

நாள் பார்க்க வீட்டு நாள்காட்டியே போதும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்தாறு நாள் ஆழ்வானத்துக்கு. தைப்பூசக் காவடி, சித்ரா பௌர்ணமி, திருக்கார்த்திகை எல்லாம் முழுநிலவு, அந்த வாரம் நெபுலா வேட்டை வேண்டாம். ஈஸ்டர் சமயத்தில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழாவுக்குப் போகிறவர்களும் கவனியுங்கள், அப்போதும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். தீபாவளி அமாவாசையை ஒட்டி வந்தாலும் அன்றைக்குப் பட்டாசுப் புகை.

ஆயாவுக்கும் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும். உண்மையில் என்ன தெரியும்?

படத்தில் வரும் சிவப்பும் நீலமும் கண்ணுக்குத் தெரியாது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் ஆட்களை ஐபீஸ் பக்கம் அழைக்க வேண்டும். மங்கலான ஒளியில் நம் கண் நிறத்தை உணர்வதில்லை, நெபுலாக்கள் சாம்பல் புகையாகத்தான் இருக்கும். ஏமாற்றமில்லாமல் தொடங்க நிலவு, அதுவும் பிறை நிலவு. பெருக்கம் 40 அல்லது 50 இருந்தாலே நிழல் விளிம்பில் பள்ளங்கள் கிண்ணம் கிண்ணமாக எழுந்து நிற்கும்.

பிறகு வியாழனின் நான்கு நிலவுகள், சனியின் வளையம். 5 மி.மீ. ஐபீஸ் 420 மி.மீ. குழாயில் 84 மடங்கு தரும், அது போதும். ஆல்ஃபா சென்டாரியைக் காட்டுங்கள். வெறும் கண்ணுக்கு ஒரே நட்சத்திரம், இதில் இரண்டு மஞ்சள் முத்தாகப் பிரியும். 2016ஐ ஒட்டி 4 ஆர்க் செகண்ட் வரை நெருங்கியிருந்தன, இப்போது விலகி வருகின்றன, அதனால் சின்ன லென்ஸுக்கு நல்ல காலம். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரக் குடும்பம் அதுதான் என்பதையும், அதன் தூரத்தைத் தாமஸ் ஹெண்டர்சன் அளந்தது கேப் டவுனில் 1832, 1833இல் எடுத்த அளவுகளிலிருந்துதான் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

தென்சிலுவைக்குப் பக்கத்தில் நகைப்பெட்டிக் கொத்து, நீல நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரே ஒரு செம்மஞ்சள். ஒமேகா சென்டாரி முதலில் வட்டப் பஞ்சாகத் தெரியும். கண்ணை நேராக வைக்காமல் சற்று ஓரமாகப் பார்த்து, நகராமல் ஒரு நிமிடம் இருந்தால் விளிம்பு பொடிப்பொடியாக உதிர ஆரம்பிக்கும். ஆயாவுக்கு நான் முதலில் காட்டுவது கார்த்திகைதான். நவம்பர், டிசம்பரில் வடக்கே தாழ்வாக நிற்கும், குறைந்த பெருக்கத்தில் கொத்து முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். கேட்டும் சொல்லியும் வளர்ந்த பெயர், அறிமுகமே தேவைப்படாது. அகத்தியர் நட்சத்திரமான கனோபஸும் அப்படித்தான், தமிழ்நாட்டில் தொடுவானத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்பது, இங்கே உச்சிக்கு அருகே ஏறும்.

கேமராவோடு வேறென்ன வாங்க வேண்டும்?

ஃப்ளாட்னர், அதாவது படத்தின் ஓரம் வரை கூர்மையாக்கும் கூடுதல் லென்ஸ். இல்லாவிட்டால் படத்தின் மூலைகளில் நட்சத்திரங்கள் நீண்டு பறக்கும். பெரும்பாலான ஃப்ளாட்னர்களுக்கும் கேமரா சென்சாருக்கும் இடையே 55 மி.மீ. இடைவெளி வேண்டும், உங்கள் மாடலின் அளவைக் கடையில் கேட்டு அதற்கேற்ற வளையத்தையும் சேர்த்தே வாங்குங்கள். குட்டி கைட் தொலைநோக்கி, கைட் கேமரா, 12 வோல்ட் பேட்டரி. கையில் இருக்கும் டி.எஸ்.எல்.ஆர். கேமராவே தொடக்கத்துக்குப் போதும். படங்களைச் சேர்க்க சிரில், வானம் அறிய ஸ்டெல்லாரியம், கைடிங்குக்கு பி.எச்.டி.2, எல்லாம் இலவசம்.

ஸீஸ்டார் மாதிரி, தானே வானத்தைத் தேடிப் படமெடுக்கும் ஸ்மார்ட் தொலைநோக்கி வாங்கினால் போதாதா?

படம் மட்டும் போதும், கற்றுக்கொள்ள நேரமில்லை என்றால் தாராளமாக வாங்குங்கள். ஸீஸ்டார் எஸ்50 உள்ளே இருப்பதும் 50 மி.மீ. ரிஃப்ராக்டர்தான். ஐபீஸ் மட்டும் கிடையாது.

பழையது வாங்கலாமா? வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

ரிஃப்ராக்டர் பழையதாக வாங்க ஏற்ற கருவி, பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டிய கண்ணாடிகள் இதில் இல்லை. நேரில் போய் மூன்று விஷயம் பாருங்கள். லென்ஸின் முன்பக்கமிருந்து போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள்: தூசி பரவாயில்லை, சிலந்தி வலை மாதிரி கிளை பிரிந்த நூல்கள் தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். ஃபோகசரில் கேமராவை மாட்டிக் குழாயை மேல்நோக்கிப் பிடித்துத் திருகுங்கள், எடையில் தானாக இறங்கக் கூடாது. முடிந்தால் இரவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைக் குவியத்திலிருந்து சற்று விலக்கிப் பாருங்கள், வளையங்கள் ஒரே மையத்தில் வட்டமாக இருக்க வேண்டும். ஒருபக்கம் சாய்ந்திருந்தால் லென்ஸ் நேராக உட்காரவில்லை.

வெளிநாட்டு விலையைப் பார்த்து மயங்கவேண்டாம். கூரியர், 15 சதவீத வாட், சுங்க வேலைக்கான கட்டணம் எல்லாம் சேர்த்துக் கூட்டினால் பல நேரம் உள்ளூர்க் கடை விலைக்கே வந்து நிற்கும். பழுது வந்தால் திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையது. வாங்குமுன் தென்னாப்பிரிக்க வானியல் கழகத்தின் டர்பன், ஜொகன்னஸ்பர்க், கேப் டவுன் கிளைக் கூட்டம் ஒன்றுக்குப் போய் வாருங்கள். 1922இலிருந்து இயங்கும் அமைப்பு. நான்கைந்து வகைக் கருவிகளில் கண் வைத்துப் பார்த்தபின் பாதிக் கேள்விகள் தாமே தீர்ந்துவிடும்.

கடலோர ஈரத்தில் லென்ஸ் கெட்டுப்போகுமா?

கவனிக்காவிட்டால் கெடும். டர்பனில் பனி லென்ஸில் இறங்க ஒரு மணி நேரம் போதும், லென்ஸைச் சற்றே சூடாக்கிப் பனியைத் தடுக்கும் டியூ ஹீட்டர் பட்டை ஒன்று கட்டாயம் சுற்றுங்கள். உள்ளே கொண்டுவந்ததும் மூடியை உடனே போடாதீர்கள், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அறை வெப்பத்துக்கு வந்து முழுக்கக் காய்ந்த பிறகு மூடி, சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். பீரோவுக்குள் துணிகளோடு வைப்பதுதான் பூஞ்சைக்கு வாய்ப்பான இடம்.

இதை வைத்துச் சூரியனைப் பார்க்கலாமா? 2030 கிரகணம் வருகிறதே?

லென்ஸுக்கு முன்னால் முழு வாயையும் மூடும் சூரிய ஃபில்டர் போட்டால் மட்டும். ஐபீஸில் திருகும் குட்டிச் சூரியக் கண்ணாடி ஏதாவது பழைய கருவியோடு வந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள், வெப்பத்தில் அது வெடித்தால் கண் போய்விடும். குழாயின் மேலுள்ள ஃபைண்டர் என்ற குட்டித் தொலைநோக்கியைக் கழற்றி வையுங்கள் அல்லது மூடி போடுங்கள், பிள்ளைகள் அதில்தான் முதலில் கண் வைப்பார்கள். கருவி வெயிலில் இருக்கும் வரை பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

2030 நவம்பர் 25 காலையில் முழுச் சூரிய கிரகணத்தின் பாதை நமீபியா, போட்ஸ்வானா வழியாக வந்து தென்னாப்பிரிக்காவைக் கடந்து குவாசுலு-நட்டால் கரையில் இந்தியப் பெருங்கடலுக்குள் போகிறது. 400 மி.மீ. குழாயும் ஏ.பி.எஸ்.-சி கேமராவும் சூரியனோடு கொரோனாவையும் சேர்த்துப் பிடிக்க ஏற்ற அளவு. சூரியன் முழுதும் மறைந்த பிறகுதான் ஃபில்டரை எடுக்க வேண்டும், முதல் ஒளிப்புள்ளி திரும்பத் தெரியும் முன்பே திரும்பப் போட வேண்டும். அந்த எடுத்தலையும் போடுதலையும் இப்போதிருந்தே பகல் சூரியனில் ஃபில்டரைக் கழற்றாமல், கையை மட்டும் கொண்டுபோய்ப் பழகுங்கள். ஃபில்டரை இந்த வருடமே வாங்கிவிடுங்கள், கிரகணம் நெருங்கும்போது கடைகளில் கிடைப்பது கஷ்டம்.